கோலாலம்பூரில் 355 வெள்ளிக்கு வாங்கிய துணிகளும் நினைவுப் பொருட்களும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் வாங்கிய ஐந்து சாரங்கள்தாம், அதாவது கைலிகள்தாம், அந்தப் பயணத்தில் நான் செலவிட்ட பணத்துக்கு முழு மதிப்பும் தந்த பொருள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு 25 வெள்ளி என்று விலை சொன்னார்கள். ஐந்தையும் சேர்த்து எடுத்ததால் 115 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றும் அதன் நூறில் ஒரு பங்கான ‘சென்’ நாணயத்தைக் காசு என்றும் சொல்வதால், அந்தக் கடைகளில் பேசிப் பழகிய வழக்கத்தில் நானும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் போயிருந்தபோது ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 20 ரூபாய் ஆனது. இந்தக் கட்டுரையில் வரும் விலைகளை 20-ஆல் பெருக்கிப் பார்த்தால் போதும்.

நானும் என் மைனியும், அதாவது அண்ணியும், நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டோம். திருவனந்தபுரம் விமான நிலையம் எங்களுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறினால் நான்கு மணி நேரம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா சென்று வர முடிவதால், போகும் முன் இணையத்தில் வருகை அட்டையை மட்டும் நிரப்பினோம். சிக்கனமான பயணச்சீட்டு என்பதால் கைப்பையில் 7 கிலோதான் கொண்டுவர முடியும். திரும்பும்போது கூடுதல் எடைக்குப் பணம் கட்ட நேர்ந்தால், மலிவாக வாங்கிய துணியும் மலிவில்லாமல் போய்விடும். ஆகவே விலையோடு எடையையும் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தோம். ஊரில் கொடுக்க வேண்டிய வீடுகள் பதினான்கு இருந்தன.

என் மைனி நாகர்கோவில் வடசேரியில் தறிக்கார வீட்டுப் பெண். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூலின் நெருக்கத்தைப் பார்ப்பது, ஓரத்தை இரண்டு விரலால் இழுத்து நூல் விலகுகிறதா என்று பார்ப்பது, கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் எந்தக் கடைக்குப் போனாலும் செய்வார்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தத் துணியை மடித்துத் திரும்பக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த மதிப்புரையில் துணியைப் பற்றி நான் நம்பிக்கையோடு சொல்வதெல்லாம் அவர்கள் கை சொன்னதுதான்.

மஸ்ஜித் இந்தியா தெரு மஸ்ஜித் ஜாமெக் இரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. 1863-இல் இந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலின் பெயரே தெருவுக்கும் ஆகியிருக்கிறது. சேலைக்கடைகள், தொழுகை விரிப்புக் கடைகள், அத்தர்க் கடைகள், தலைத்துணிக் கடைகள் என்று நெருக்கமாக இருக்கும் அந்தத் தெருவில் பாதிப் பேரிடம் தமிழிலேயே விலை பேசலாம். கடைப் பலகைகளில் எங்கும் காணப்படும் ‘கெடாய்’ என்ற மலாய்ச் சொல் நம் ‘கடை’ என்பதிலிருந்து போனதுதான். பெட்டியும் கப்பலும்கூட அந்த மொழியில் ‘பெத்தி’, ‘காப்பால்’ என்று வாழ்கின்றன.

அங்கே ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலுக்குப் போகும்போதும் உடுத்துகிற கட்டம் போட்ட சாரத்துக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைக் கிழக்கு நாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள். துணி ஏறிய துறைமுகத்தின் பெயர் துணிக்கே நிலைத்துவிட்டது. அதற்கு எதிர்த்திசையில், மலாயின் ‘சாருங்’ என்ற சொல்லோடு உறவுள்ள ‘சாரம்’ என்பதை நாம் எடுத்துக்கொண்டோம். மற்ற மாவட்டத்துக்காரர்கள் கைலி என்றும் லுங்கி என்றும் சொல்வதைக் குமரி மாவட்டத்தில் சாரம் என்று சொல்கிறோமே, அந்தச் சாரத்தை அதன் சொல் பிறந்த பக்கத்தில், நம் கரையின் பெயர் எழுதிய அட்டையோடு வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விலையில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விலையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும் என்பதால் அதற்கே வருகிறேன்.

பெலிக்காட் சாரங்கள் 15 வெள்ளியிலிருந்தே கிடைக்கின்றன. 15 வெள்ளிக்குக் கிடைப்பவற்றில் பாலியெஸ்டர் கலப்பு அதிகம். தொட்டால் வழுக்கும், கசக்கினால் மடிப்பு நிற்காமல் உடனே விரிந்துகொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது உதவாது. 25 முதல் 35 வெள்ளி வரை உள்ளவற்றில் பருத்தி நன்றாக இருந்தது. அவற்றில் பல இந்தோனேசியாவில் நெய்தவை. சிலவற்றில் இந்தியாவில் நெய்தவை என்றே அச்சிட்டிருந்தார்கள். இங்கே நெய்ததை அங்கே போய் வாங்கி வருவதில் பொருளில்லை என்பதால் அட்டையைப் படித்துப் பார்த்தே எடுத்தோம். மூட்டியது, மூட்டாதது என இரண்டு வகையும் உண்டு. உயரமானவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் பிரித்து இடுப்பில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் நம் ஊர்ச் சாரத்தைவிடச் சில வகைகளில் உயரம் இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. ஒன்றின் எடை 350 கிராம் அளவில்தான் இருக்கும். ஐந்தும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தொடவில்லை.

அதே தெருவில் வாங்கிய இன்னொன்று தலைத்துணி. தக்கலையில் எங்களுக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் கேட்டுவிட்டதால் தேடிப் போனோம். ‘தூடோங் பாவால்’ என்கிற சதுரத் தலைத்துணி 45 அங்குல அளவில் கிடைக்கிறது. பாவால் என்பது மலாயில் வாவல் மீனின் பெயர். கடைப்பெண் அதைச் சொன்னபோது, எங்கள் கரையிலும் அந்த மீனுக்கு ஏறக்குறைய அதே பெயர்தான் என்று மைனி சொல்லி, இருவரும் சிறிது நேரம் விலையை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று 10 வெள்ளி, மூன்று எடுத்தால் 25. நாங்கள் ஆறு எடுத்து 50 வெள்ளி கொடுத்தோம். நிறங்கள் நம் ஊரில் எளிதில் கிடைக்காத மங்கலான இளவண்ணங்கள், தையல் ஓரம் சீராக இருந்தது, எடையோ இல்லவே இல்லை. பெண்களுக்குப் பரிசு வாங்க நினைப்பவர்களுக்கு, தலைத்துணி உடுத்தும் வழக்கம் இல்லாத வீடாக இருந்தால்கூடத் தோளில் போட்டுக்கொள்ள இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பரிந்துரைக்க முடியாதது ‘பாஜு குருங்’ எனப்படும் நீள மேல்சட்டையும் பாவாடையும் சேர்ந்த உடை. 60 வெள்ளிக்கும் குறைவாகத் தொங்கவிட்டிருந்தவற்றைப் பார்த்தவரை அனைத்தும் செயற்கை இழை. பார்வைக்கு மிக அழகான உடை அது. நல்ல பருத்தியில் தைத்தது கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அது சிக்கனச் செலவுக்குள் வராது. நகரத்தின் பெயரும் இரட்டைக் கோபுரப் படமும் அச்சிட்ட டீ-சட்டைகளை அண்ணன் பிள்ளைகள் இருவருக்காக 15 வெள்ளி வீதம் எடுத்தோம். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சனிக்கிழமை மாலையில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் கூடும் இரவுச் சந்தையில் துணிகள் இன்னும் ஐந்து வெள்ளி குறைவாகக் கிடைக்கின்றன, கூட்டத்தில் நின்று நெய்தலைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை என்பதுதான் குறை. தின்பண்டத்துக்கு அந்தச் சந்தை நல்ல இடம்.

இரண்டாம் நாள் முழுவதையும் சென்ட்ரல் மார்க்கெட்டில் செலவிட்டோம். மலாயில் ‘பாசார் செனி’, அதாவது கலைச் சந்தை என்று அழைக்கப்படும் இது, 1888-இல் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள வெளிர்நீலக் கட்டடம் 1930-களில் எழுந்தது. 1980-களில் இடிக்க இருந்ததை மரபுக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பினர் தடுத்து நிறுத்திய பிறகு கைவினைச் சந்தையாக மாறியிருக்கிறது. கோட்டாறு சந்தையின் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, மீன் விற்ற கூடத்தில் குளிர்சாதனக் காற்றில் நின்று துணி பார்ப்பது விந்தையாகவே இருந்தது.

அங்கே பார்க்க வேண்டியது பாத்திக். மெழுகால் கோலமிட்டு, சாயம் ஏற்றி, பிறகு மெழுகை வெந்நீரில் கரைத்து எடுத்தால் மெழுகு இருந்த இடம் வெண்மையாகவே நிற்கும் என்பதுதான் அதன் அடிப்படை. மலேசியாவில் கிளந்தானும் திரங்கானுவும் இதற்குப் பெயர்பெற்ற மாநிலங்கள். ‘சாந்திங்’ என்னும் சிறு மூக்குள்ள கருவியில் மெழுகை ஊற்றிக் கையால் வரைந்து, தூரிகையால் சாயம் தீட்டுவது ஒரு வகை. உலோகத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சை மெழுகில் தோய்த்துத் துணியில் குத்துவது இன்னொரு வகை. மூன்றாவது, பாத்திக் கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்த துணி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை முதல் வகை; விலை நூற்றுக்கணக்கான வெள்ளிகளில் போகும். சந்தை முழுவதும் குவிந்து கிடப்பவை மூன்றாம் வகை, 12 வெள்ளியிலிருந்து. சிக்கனமாக வாங்க வந்தவர்களுக்கு உரியது நடுவில் உள்ள அச்சுக் குத்திய வகை என்பது என் முடிவு.

இந்த மூன்றையும் பிரித்தறிவது கடினமில்லை. துணியைப் புரட்டிப் பாருங்கள்: மெழுகுச் சாயம் நூலுக்குள் ஊறியிருப்பதால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருக்கும், இயந்திர அச்சில் உள்பக்கம் வெளிறியிருக்கும். கோலம் ஒவ்வொரு முறை திரும்பி வரும் இடத்தையும் பாருங்கள்: கையால் குத்திய அச்சில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே சிறிதாவது விலகல் இருக்கும், சில இடங்களில் மெழுகு விரிசலிட்டு மெல்லிய சாய நரம்பு ஓடியிருக்கும். முகர்ந்தால் சில துணிகளில் மெழுகு வாடைகூட இருக்கும். மலேசியக் கோலங்களில் இலையும் பூவும் கொடியுமே மிகுதி. விலங்கோ மனித உருவமோ அரிது.

நடைபாதையோரத்தில் இருந்த ஒரு கடையில் இயந்திர அச்சுத் துணியைக் கைவேலை என்று சொல்லி 55 வெள்ளி கேட்டார்கள். மைனி துணியைப் புரட்டி வெளிறிய பக்கத்தை அமைதியாகக் காட்டியதும் விலை 20-க்கு இறங்கியது. நாங்கள் வாங்கவில்லை. உள்கூடத்தில் இன்னொரு கடையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே இருந்த தமிழ்ப் பெரியவரிடம் நான் ஒரு துணியை எடுத்துக்காட்டிக் கையால் செய்ததா என்று கேட்டேன்.

“இல்லம்மா, இது மெசின் துணிதான். கைவேலை வேணும்னா இந்தத் தட்டுல பாருங்க. விலை கூட வரும், ஆனா நீங்க இருபது வருசம் வெச்சிருப்பீங்க” என்றார்.

“அண்ணாச்சி, தொவச்சா சாயம் போகுமா?” என்று மைனி கேட்டார்கள்.

“முதல் தடவை உப்புத் தண்ணியில போடுங்க. கொஞ்சம் போகும். அப்புறம் போகாது. போனா என்னைத் திட்டுங்க.”

அவரிடம் இரண்டு மீட்டர் பருத்தித் துண்டுகள் இரண்டு எடுத்தோம், ஒன்று 45 வெள்ளி, மொத்தம் 90. ஒன்று செம்பருத்திக் கோலம். அந்தப் பூ மலேசியாவின் தேசிய மலர். மற்றது இலைக்கொடி. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்திக் உடுத்த வேண்டும் என்ற நடைமுறை அங்கே இருக்கிறதாம். அதனால் சட்டைத்துணியாகவும் நல்ல வகைகள் வந்துகொண்டே இருக்கும் என்று அவர் சொன்னார். நம் ஊரிலும் அரசு அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் கைத்தறி என்று வைத்து அதைத் தவறாமல் கடைப்பிடித்தால் வடசேரியில் தறிச் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்குமே என்று மைனி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

சந்தையிலிருந்து சற்று நடந்தால் பெட்டாலிங் தெரு. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரைப் போலியாகப் பொறித்த பைகளும் கைக்கடிகாரங்களும் காலணிகளும்தான் அந்தத் தெருவின் அடையாளம். போலிப் பொருளை நான் வாங்குவதில்லை. உழைத்துச் செய்தவனுக்கும் அதில் பணம் போகாது, வாங்கியவனுக்கும் அது உழைக்காது. தெருவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

நினைவுப் பொருள்களில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு அதிகம். கன்னியாகுமரியில் சிப்பி மாலையும் சங்கும் கலர் மண் பொட்டலமும் விற்கும் கடைகளைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே வருகிறவர்கள் ஆசையாக வாங்கிப் போகும் பொருள் எல்லாமே இந்த மாவட்டத்தில் செய்தவை அல்ல என்பதும், பனையோலைப் பெட்டியைப் போல இங்கே கையால் முடைந்தவை கடையின் பின்வரிசையில் கிடப்பதும் எனக்குத் தெரியும். அதே கண்ணோடுதான் கோலாலம்பூரிலும் பார்த்தேன். சாவிக்கொத்து 2 வெள்ளி. வெள்ளீயப் பொருள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கோலாலம்பூர் வெள்ளீயச் சுரங்கத்தால் உண்டான நகரம், 1885-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனம் வெள்ளீயக் கலவையில் செய்யும் கலன்கள் உலகறிந்தவை. ஆனால் உண்மையான அந்தப் பொருள் 2 வெள்ளிக்குக் கிடைக்காது. அதே கடையில் விற்ற குளிர்பெட்டிக் காந்தத்தைச் சாவிக்கொத்தின் அருகே கொண்டுபோனேன், ஒட்டிக்கொண்டது. வெள்ளீயக் கலவை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளீயம் என்றும் சொல்ல முடியாது, ஆனால் ஒட்டியது நிச்சயமாக வெள்ளீயக் கலவை அல்ல. கையில் எடுத்துவிட்டதால் ஒன்றை மட்டும் வாங்கினேன். காந்தங்கள் மூன்று 10 வெள்ளி.

நான் கொண்டுவந்தவற்றில் பிள்ளைகள் அதிகம் கொண்டாடியது கடையில் வாங்கியதே அல்ல. மலேசியாவில் 1989-இல் வெளிவந்த நாணய வரிசை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 5 காசில் பம்பரம், 10 காசில் ‘சொங்காக்’ என்னும் குழிப்பலகை, 20 காசில் வெற்றிலைத் தட்டம், 50 காசில் ‘வாவ் புலான்’ என்னும் நிலாப் பட்டம் பொறித்திருக்கிறார்கள். சொங்காக் நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பு. 2012 முதல் வந்த புதிய வரிசையில் இவை இல்லை. ஆகவே மீதிச் சில்லறை கிடைக்கும்போதெல்லாம் பழைய நாணயமாகப் பொறுக்கி எடுத்து வைத்தோம். ஒரு வரிசைக்கு 85 காசு, அதாவது 17 ரூபாய். எட்டு வரிசை சேர்ந்தது. ஒவ்வொன்றையும் ஒரு சிறு தாளில் மடித்து, எந்தக் காசில் என்ன பொறித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். மரத்தில் செதுக்கிய சொங்காக் பலகையும் சந்தையில் இருந்தது, அழகான வேலைதான்; எடை எங்கள் 7 கிலோவுக்குள் அடங்காது என்பதால் மனத்தாங்கலோடு விட்டுவிட்டு வந்தேன்.

தேயிலையையும் காப்பியையும் சுற்றுலாக் கடையில் வாங்க வேண்டாம். 1929 முதல் கேமரன் மலையில் விளையும் ‘போ’ நிறுவனத் தேயிலையும், ஈப்போவின் பெயரால் அறியப்படும் வெள்ளைக் காப்பியும் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும், விலையும் கணிசமாகக் குறைவு. தேயிலைப் பெட்டி இரண்டு 24 வெள்ளி, காப்பிப் பை இரண்டு 34 வெள்ளி ஆயின. காப்பியில் சர்க்கரையும் பால்மாவும் முன்பே கலந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தேயிலையைக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டொரு செய்தி. தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் போல விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம் என்று நினைத்துப் பலர் இரசீதுகளைச் சேர்த்து வைக்கிறார்கள். மலேசியாவில் சரக்கு சேவை வரி 2018-இல் நீக்கப்பட்டுப் பழைய விற்பனை வரி திரும்பிய பிறகு, சுற்றுலாப் பயணிக்கு அப்படித் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்கிவிடுவார்கள், அதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம். நம் வங்கிகளின் பல கடன் அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 விழுக்காடு வரை கூடுதலாக எடுப்பதால், சிறு கடைகளுக்கு ரொக்கமே நல்லது. மஸ்ஜித் இந்தியாவையும் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய லெபோ அம்பாங் தெருவையும் சுற்றிப் பணமாற்றுக் கடைகள் நிறைய இருக்கின்றன. விமான நிலையத்தைவிட அங்கே எங்களுக்கு நல்ல மாற்று விகிதம் கிடைத்தது.

கணக்கு 355 வெள்ளியில் முடிந்தது, ஏறத்தாழ 7,100 ரூபாய். பதினான்கு வீடுகளுக்கும் ஏதாவது ஒன்று கொடுக்க முடிந்தது.

திரும்பி வந்து எட்டு மாதம் ஆன பிறகே இதை எழுதுகிறேன், ஏனென்றால் துணியைப் பற்றிக் கடையில் வைத்துச் சொல்வதற்கும் துவைத்த பிறகு சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. டீ-சட்டைகளில் கோபுரப் படம் நான்காம் துவைப்பில் செதில் செதிலாக உரிந்தது. ஒன்றின் கழுத்து தளர்ந்து தொங்குகிறது. சாவிக்கொத்தின் முலாம் இரண்டு மாதத்தில் போய்விட்டது. செம்பருத்திப் பாத்திக்கில் முதல் உப்புத் தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு இறங்கியது, பெரியவர் சொன்னபடி அதன் பிறகு இறங்கவில்லை. அதைத் தைத்து மைனி ஓணத்துக்கு உடுத்தினார்கள். சாரங்கள் ஐந்தும் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகியிருக்கின்றன. அப்பா தம்முடையதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடுத்துகிறார்கள், துவைத்துக் காயப்போட்ட நாளில் மழை வந்தால் மட்டும் பழைய சாரத்துக்குப் போகிறார்கள்.